கணவர் கையெழுத்து தேவையில்லை, அண்ணியின் கையெழுத்து போதும்

தங்கச்சி, மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அண்ணி குடியாத்தம் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறார். பேரணாம்பட்டில் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிற வேலை, சம்பளத்தில் இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடிக்கிறார்கள். ஏற்கெனவே இரண்டு பெண் பிள்ளைகள். அண்ணனுக்குப் பெங்களூரில் கட்டட வேலை, மாதம் ஒருமுறை வந்தால் உண்டு. இப்போது அண்ணிக்குப் பத்து வாரம். வேண்டாம் என்று அவரே முடிவு செய்திருக்கிறார். முதலில் போன தனியார் ஆஸ்பத்திரியில் வீட்டுக்காரர் வந்து கையெழுத்துப் போட்டால்தான் ஆகும் என்றார்கள். இரண்டாவது இடத்தில் "ரெண்டும் பொண்ணா? எங்கே ஸ்கேன் பார்த்துட்டு வந்தீங்க?" என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். ஒருவர் இரண்டாயிரம் ரூபாய் கொடுத்தால் மாத்திரை வாங்கித் தருகிறேன் என்கிறார். உங்கள் அம்மா இது பாவம் என்கிறார். இது குற்றமா, அண்ணிக்கு உரிமை உண்டா, எங்கே போவது என்பது உங்கள் கேள்வி.

குற்றம் இல்லை. சட்டத்தில் வழி இருக்கிறது. கணவர் கையெழுத்து தேவையில்லை, அரசு மருத்துவமனையில் காசும் தேவையில்லை. ஆனால் இதைப் படித்து முடித்த கையோடு அண்ணியைக் கிளப்புங்கள். பத்து வாரம் இன்னும் எளிதான கட்டம்தான். பன்னிரண்டு தாண்டிவிட்டால் செய்யும் முறை மாறும், ரத்தப்போக்குக்கான ஆபத்து கூடும், செய்யக்கூடிய டாக்டர்களும் குறைந்துவிடுவார்கள். நான் குடியாத்தம், பேரணாம்பட்டு வட்டாரத்தில் சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். நான் பார்த்த மோசமான கேஸ்களில் திரும்பத் திரும்ப வந்தது ஒன்றுதான். அந்தப் பெண் முதலில் உதவி கேட்டது ஏழாவது, எட்டாவது வாரத்தில். சரியான சிகிச்சை கிடைத்தது பதினைந்து, பதினாறில். நடுவில் போன வாரங்களில் அவள் அலைந்துகொண்டுதான் இருந்தாள். ஒவ்வொரு வாசலிலும் யாரோ ஒருவர் சட்டத்தில் இல்லாத ஒன்றைக் கேட்டுத் திருப்பி அனுப்பியிருப்பார்.

வாரக் கணக்கை எப்படிப் போடுவது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதில் நிறைய பேர் ஏமாந்துபோகிறார்கள். கடைசியாகத் தூரமானபோது அதன் முதல் நாள் எதுவோ, அன்றிலிருந்து எண்ண வேண்டும். நாள் தள்ளிப்போனது தெரிகிற அன்றைக்கே நாலு வாரம் ஆகியிருக்கும். "இப்பதான் ஒரு மாசம்" என்று வீட்டில் நினைக்கும்போது டாக்டர் கணக்கில் எட்டு வாரம் இருக்கும். அண்ணியின் பத்து வாரம் யார் போட்ட கணக்கு என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கையெழுத்து. கருக்கலைப்புச் சட்டம், அதாவது ஆஸ்பத்திரியில் எம்டிபி என்று சொல்கிறார்களே அது, 1971-இல் வந்தது, 1972 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் மூன்றாவது பிரிவு சொல்வது: பதினெட்டு வயது நிரம்பிய, மனநலம் குன்றாத பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் மட்டுமே வேண்டும். சம்மதம் எழுதி வாங்குகிற தாளுக்குப் படிவம் சி என்று பெயர். அதில் கணவருக்கென்று ஒரு கோடுகூடக் கிடையாது. சண்டிகரில் ஒருவர், தன்னைக் கேட்காமல் மனைவிக்குக் கருக்கலைப்பு செய்துவிட்டார்கள் என்று மனைவி மீதும் டாக்டர்கள் மீதும் நஷ்டஈட்டு வழக்குப் போட்டார். பஞ்சாப்-அரியானா உயர்நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 2017-இல் உச்சநீதிமன்றமும் தள்ளிவிட்டது. குழந்தையைச் சுமப்பவள் அவள், முடிவும் அவளுடையது.

அப்படியிருந்தும் ஏன் கேட்கிறார்கள்? பயம்தான். நாளைக்கு ஒரு புருஷன் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து ஆஸ்பத்திரி வாசலில் சத்தம் போடுவான் என்ற பயம். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது, அப்படிச் சண்டை நடந்ததும் உண்டு. ஆனால் டாக்டரின் பயத்துக்கான விலையை ஒரு பெண்ணின் உடம்பு கொடுப்பது எந்த வகையில் நியாயம்? வேலூரில் வளர்ந்த எல்லோருக்கும் ஐடா ஸ்கடர் அம்மையார் கதை தெரியும். திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று பேர் வந்து தங்கள் மனைவிகளுக்குப் பிரசவம் பார்க்க அழைத்தார்கள். ஆண் டாக்டர் தொடக்கூடாது என்று மூவருமே அவருடைய அப்பாவை மறுத்தார்கள். அந்த மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதனால்தான் அவர் டாக்டருக்குப் படித்து வந்து வேலூரில் ஆஸ்பத்திரி தொடங்கினார். நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. டாக்டர்களுக்கு இந்த ஊரில் இன்றைக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒரு பெண் சிகிச்சை பெறலாமா என்பதை ஆம்பளையிடம் கேட்கும் பழக்கம் மட்டும் போகவில்லை.

சட்டம் என்ன காரணங்களை ஒப்புக்கொள்கிறது என்று அண்ணிக்குத் தெரிந்திருக்க வேண்டும், அப்போதுதான் கேட்கும்போது தடுமாறாமல் சொல்ல முடியும். உயிருக்கு ஆபத்து, உடம்புக்கோ மனசுக்கோ கடுமையான பாதிப்பு, குழந்தைக்குப் பெரிய குறைபாடு, பலாத்காரத்தால் வந்த கர்ப்பம். இவற்றோடு கருத்தடை பலன் தராமல் போனதும் ஒரு காரணம். அப்படி வந்த கர்ப்பம் மனசுக்குக் கடுமையான பாதிப்பு தருவதாகவே எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டமே சொல்கிறது. அவள் இருக்கிற சூழ்நிலையையும் டாக்டர் கணக்கில் எடுக்கலாம். கணவர் வெளியூர், இரண்டு சின்னப் பிள்ளைகள், நாள் முழுக்க மெஷினில் உட்கார்ந்து வேலை, இதெல்லாம் சூழ்நிலைதான். முதலில் இந்தக் கருத்தடைக் காரணம் "மணமான பெண்ணும் அவள் கணவரும்" என்று இருந்தது. 2021 திருத்தம் அதைப் "பெண்ணும் அவள் துணையும்" என்று மாற்றிவிட்டது. எனவே கல்யாணம் ஆகவில்லை என்பதைக் காட்டி யாரும் மறுக்க முடியாது.

இருபது வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். இருபதிலிருந்து இருபத்துநாலு வரை இரண்டு டாக்டர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும், அதுவும் சில பிரிவினருக்குத்தான்: பலாத்காரத்துக்கு ஆளானவர்கள், மைனர் பெண்கள், கர்ப்ப காலத்தில் கணவரை இழந்தவர்கள் அல்லது விவாகரத்து ஆனவர்கள், மாற்றுத்திறனாளிகள், மனநோய் உள்ளவர்கள், குழந்தைக்குக் குறைபாடு தெரியவந்தவர்கள், பேரிடர் போன்ற நெருக்கடியில் மாட்டிக்கொண்டவர்கள். இருபத்துநாலுக்கு மேல் என்றால் குழந்தைக்குப் பெரிய குறைபாடு இருப்பதாக மருத்துவக் குழு சொன்னால் மட்டும். விண்ணப்பித்த மூன்று நாளில் குழு கருத்துச் சொல்ல வேண்டும் என்று விதி இருக்கிறது. தாயின் உயிரைக் காப்பாற்ற உடனே செய்தாக வேண்டும் என்ற நிலைமைக்கு மட்டும் வார வரம்பே கிடையாது.

இதில் 2022 செப்டம்பர் 29 அன்று உச்சநீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு முக்கியமானது. டெல்லியில் இருந்த இருபத்தைந்து வயதுப் பெண், கல்யாணம் ஆகாதவர், துணையாக இருந்தவர் கைவிட்டுவிட்டார், இருபத்திரண்டு வாரம் தாண்டிவிட்டது. மணமாகாதவர் இந்தப் பட்டியலில் வரமாட்டார் என்று உயர்நீதிமன்றம் மறுத்துவிட்டது. நீதிபதி சந்திரசூட் தலைமையில் மூன்று பேர் அமர்வு அதை மாற்றியது. மணமானவர், ஆகாதவர் என்று பிரித்துப் பார்ப்பது சமத்துவத்துக்கு எதிரானது என்றார்கள். கணவனே பலவந்தம் செய்திருந்தாலும், இந்தச் சட்டத்தின் கண்ணில் அது பலாத்காரம்தான் என்றும் சொன்னார்கள். இந்த இரண்டாவது விஷயம் கிராமத்துப் பெண்களுக்குத் தெரிய வேண்டும் என்று நான் மிகவும் ஆசைப்படுகிறேன். எத்தனை பேர் என் காதோடு அழுது சொல்லியிருக்கிறார்கள், அதை ஒரு நீதிமன்றம் ஒப்புக்கொண்டது என்பதே அவர்களுக்குத் தெரியாது.

ஆனால் உரிமை முழுசாகக் கிடைத்துவிட்டது என்று உங்களிடம் சொன்னால் அது பொய். பழைய தண்டனைச் சட்டத்திலும் சரி, 2024 ஜூலை முதல் வந்திருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவிலும் சரி, கருக்கலைப்பு இன்னும் குற்றப் பட்டியலில்தான் இருக்கிறது. 1971 சட்டம் அதற்கு ஒரு விலக்கு, அவ்வளவுதான். "எனக்கு வேண்டாம்" என்று பெண் சொல்வது இங்கே போதாது, "இவளுக்கு இது தேவை" என்று டாக்டர் எழுத வேண்டும். 2023 அக்டோபரில் இருபத்தாறு வாரத்தில் இருந்த ஒரு தாய், பிரசவத்துக்குப் பிந்தைய மனநோய்க்கு மருந்து சாப்பிடுபவர், உச்சநீதிமன்றம் வரை போயும் கிடைக்கவில்லை. குழந்தைக்குக் குறைபாடு இல்லை, தாயின் உயிருக்கு உடனடி ஆபத்தும் இல்லை என்று மறுத்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், கருக்கலைப்பைக் குற்றப் பட்டியலிலிருந்து முழுவதுமாக எடுக்கச் சொல்கிறது, வேறு யாருடைய அனுமதியையும் கேட்கக்கூடாது என்கிறது. நாம் அங்கே போய்ச்சேர இன்னும் தூரம் இருக்கிறது. ஆனால் உங்கள் அண்ணி இருக்கிற கட்டத்துக்கு, பத்து வாரத்துக்கு, இருக்கிற சட்டமே தாராளம்.

இனி இரண்டாவது ஆஸ்பத்திரி கேட்ட கேள்வி. எனக்கு மிகுந்த கோபம் வருவது இங்கேதான். இரண்டு வேறு சட்டங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டார்கள். குழந்தை ஆணா பெண்ணா என்று பார்ப்பதும் சொல்வதும் 1994 சட்டப்படி குற்றம். அது தேவையான சட்டம். வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை, தருமபுரி பக்கமெல்லாம் ஒரு வீட்டுக்குள் சின்ன ஸ்கேன் மெஷினை வைத்துக்கொண்டு பார்த்துச் சொல்கிற கும்பல் பிடிபட்ட செய்தி அடிக்கடி வருகிறது. ஆந்திர எல்லை தாண்டிக் கூட்டிப்போகிறவர்களும் உண்டு. இவர்களை விடக்கூடாது. ஆனால் அந்தச் சட்டம் கட்டுப்படுத்துவது ஸ்கேனை. இரண்டு பெண் பிள்ளை பெற்றவள் மூன்றாவது வேண்டாம் என்று நினைப்பதை அது குற்றமாக்கவில்லை. பத்து வாரத்தில் ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று நம்பும்படி சொல்லவும் முடியாது. அப்படியிருக்க அண்ணியைச் சந்தேகப்பட்டு அனுப்பியதில் மருத்துவ நியாயமும் இல்லை. கொடுமை என்னவென்றால், இப்படித் திருப்பி அனுப்பி அனுப்பி அவளைப் பதினாலு வாரத்துக்குத் தள்ளிவிட்டு, "ஏன் இவ்வளவு நாள் கழித்து வருகிறாய், பார்த்துவிட்டு வந்தாயா" என்று அப்புறம் மறுபடி அவளையே சந்தேகப்படுவார்கள்.

பெண் சிசு வேண்டாம் என்று மாமியாரும் கணவரும் நெருக்கிக் கலைக்க வைக்கிறார்கள் என்றால் அது வேறு கதை. பெண்ணின் சம்மதம் இல்லாமல் கருவைக் கலைத்தால் ஆயுள் தண்டனை வரை போகும். 2009-இல் சண்டிகர் அரசு விடுதியில் இருந்த அறிவுத்திறன் குறைந்த ஒரு பெண் பலாத்காரத்தால் கர்ப்பமானபோது, அதைக் கலைக்க நிர்வாகம் முயன்றது. அந்தப் பெண் குழந்தையைப் பெற விரும்பினாள். உச்சநீதிமன்றம் அவள் பக்கம் நின்றது. பெறுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு தருகிற தனிமனித சுதந்திரத்தில் அடங்கும் என்று அப்போதுதான் தெளிவாகச் சொன்னார்கள். ஆக, குழந்தை வேண்டும் என்பவளையும் வேண்டாம் என்பவளையும் காப்பது ஒரே உரிமை. உங்கள் அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். பாவம் என்று அவர் நினைப்பது அவருடைய மனசாட்சி, அதோடு சண்டை போட வேண்டாம். அண்ணிக்கும் மனசாட்சி உண்டு, அவர் இரண்டு பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, யோசித்துத்தான் இந்த முடிவுக்கு வந்திருக்கிறார்.

மாத்திரை விஷயம். அந்த ஆள் தருகிற மாத்திரையை வாங்க வேண்டாம். மாத்திரையே கெட்டது என்று நான் சொல்லவில்லை. மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் இரண்டும் உலகம் முழுக்கப் பயன்படுத்தப்படுகிற நல்ல மருந்துகள். முதல் நாள் ஒன்று, ஓரிரண்டு நாள் கழித்து மற்றது, பதினைந்தாவது நாள் மறுபடி டாக்டரைப் பார்ப்பது என்று முறையாகச் செய்தால் பாதுகாப்பானவை. ஆனால் நம் நாட்டு விதிப்படி ஒன்பது வாரம் வரைதான் இந்த முறை, அண்ணி அதைத் தாண்டிவிட்டார். அதோடு கர்ப்பம் கர்ப்பப்பையில்தான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கருக்குழாயில் தங்கியிருந்தால் இந்த மாத்திரை அதைக் கலைக்காது, குழாய் வெடித்து உள்ளே ரத்தம் கொட்டி உயிர் போகும். ரத்தசோகை அதிகம் இருந்தாலும் ஆபத்து. நம்ம ஊர்ப் பெண்களில் ரத்தம் குறைவாக இல்லாதவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இந்த மாத்திரையைப் பெரும்பாலான மருந்துக்கடைகள் வைத்துக்கொள்வதே இல்லை. சீட்டோடு போனாலும் கிடைக்காது. பிரச்சினை வந்துவிடுமோ என்ற பயம் கடைக்காரருக்கும். அதனால் மாத்திரை மறைந்துவிடவில்லை, யாரோ ஒரு ஆளின் பைக்குள் போய்விட்டது, அவ்வளவுதான். அதில் எது இருக்கிறது, காலாவதியாகிவிட்டதா, எத்தனை வாரத்துக்கு எப்படிப் போடுவது என்று எதுவும் தெரியாமல் இரண்டாயிரம் ரூபாய். இதைச் சட்டம் ஒழுங்கு என்று நினைப்பவர்கள், ராத்திரி ரெண்டு மணிக்குத் துணி துணியாக நனைந்து ஆட்டோவில் வருகிற பெண்ணை ஒருமுறை பார்க்க வேண்டும். அப்படி ஏற்கெனவே யாராவது போட்டுவிட்டு வந்திருந்தால், ஒரு மணி நேரத்தில் இரண்டு பேடுக்கு மேல் முழுசாக நனைவது இரண்டு மணி நேரமாகத் தொடர்ந்தாலோ, காய்ச்சல், நாற்றமடிக்கிற வெள்ளை, தாங்க முடியாத வயிற்றுவலி, மயக்கம் எது இருந்தாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். போலீசுக்குப் பயந்து வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். அவசர நிலையில் வருகிறவருக்குச் சிகிச்சை தர மறுக்க எந்த டாக்டருக்கும் அனுமதியில்லை.

பத்து வாரத்துக்குச் செய்வது எம்விஏ என்கிற உறிஞ்சி எடுக்கும் முறை. மரத்துப்போக ஊசி போட்டுச் சில நிமிடங்களில் முடிந்துவிடும், பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். கரண்டி வைத்துச் சுரண்டுகிற பழைய டி அண்ட் சி முறை இப்போது வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. எந்த முறையில் செய்வீர்கள் என்று அண்ணி கேட்கலாம், அது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

குடியாத்தம் அரசு மருத்துவமனைக்கு முதலில் போங்கள். அரசு மருத்துவமனைக்கு இதற்கென்று தனி அங்கீகாரம் தேவையில்லை. அங்கே அன்றைக்கு முடியாது என்றால் அடுக்கம்பாறையில் இருக்கிற வேலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. வேலூர் வந்து திருவண்ணாமலை ரோட்டில் போகிற பஸ்ஸில் ஏறினால் வாசலில் இறங்கலாம். ராணிப்பேட்டைப் பக்கத்தில் உள்ளவர்களுக்கு வாலாஜா, மேற்கே இருப்பவர்களுக்குத் திருப்பத்தூர் அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. தனியாரில்தான் செய்ய வேண்டும் என்றால், அந்த இடம் கருக்கலைப்புக்கு அங்கீகாரம் பெற்றதா என்று பாருங்கள். அந்தச் சான்றிதழை எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டிவைக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. காணோம் என்றால் கிளம்பிவிடுங்கள். காலையிலேயே, சாப்பிடாமல் வரச்சொன்னால் அப்படியே, ஆதார் அட்டை, ஏற்கெனவே எடுத்த ஸ்கேன் இருந்தால் அது, இஎஸ்ஐ அட்டை எல்லாம் எடுத்துக்கொண்டு போங்கள். ரத்த வகை நெகட்டிவ் என்றால் முதலிலேயே டாக்டரிடம் சொல்ல வேண்டும், ஆன்டி-டி ஊசி வேண்டுமா என்று அவர் முடிவு செய்வார்.

நீங்கள் கூடப் போகலாம் என்பதே பெரிய பலம். எல்லோருக்கும் அந்த வசதி இல்லை. வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு என்கிற ஊருக்குப் பக்கத்து மலைக்கிராமங்களை நினைத்துப் பாருங்கள். 2023 மே மாதம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தையை ஆஸ்பத்திரிக்கு வேகமாகக் கொண்டுசேர்க்க ரோடு இல்லை. குழந்தை இறந்துபோனது, உடலை ஊர்வரை கொண்டுபோகவும் வண்டி இல்லாமல் தாய் தூக்கிக்கொண்டு நடந்தாள். பாம்புக் கடிக்கே அந்தக் கதி என்றால், யாருக்கும் தெரியாமல் போய்வர வேண்டிய ஒரு சிகிச்சைக்கு அந்த மலைப்பெண் எப்படி மூன்று முறை கீழே இறங்கி வருவாள்? "நாளைக்கு வாங்க", "டாக்டர் லீவு", "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க" என்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்வது அவளுக்கு ஒவ்வொன்றும் ஒரு வாரம். நகரத்தில் ஸ்கூட்டி வைத்திருப்பவளுக்கும் அவளுக்கும் சட்டம் ஒன்றுதான், ஆனால் வாரங்கள் ஒன்றல்ல. என்னைக் கேட்டால், மனித உரிமை என்று பேசும்போது கோர்ட்டை மட்டும் பார்க்கக்கூடாது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்த வேலைக்குப் பயிற்சி பெற்ற டாக்டர் எந்தெந்தக் கிழமை இருக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும்.

மலையிலும் அடிவாரத்திலும் சின்ன வயதுக் கல்யாணம் இன்னும் நிற்கவில்லை, அதனால் மைனர் பெண்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பதினெட்டு நிரம்பாதவளுக்குப் பாதுகாவலர் எழுத்து மூலம் சம்மதம் தர வேண்டும். பாதுகாவலர் என்றால் அப்பா, அம்மா மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற யாரும் பாதுகாவலர்தான் என்று சட்டம் சொல்கிறது. அப்பா அம்மா பெங்களூரிலோ திருப்பூரிலோ வேலைக்குப் போயிருக்க, வளர்க்கிற பாட்டி கையெழுத்துப் போடலாம். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற போக்சோ சட்டப்படி டாக்டர் போலீசுக்குத் தகவல் கொடுத்தே ஆக வேண்டும் என்பதால் பிள்ளைகள் ஆஸ்பத்திரிப் பக்கமே வராமல் ஒளிகிறார்கள். பிள்ளையும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் அந்தத் தகவலில் பெயர், அடையாளம் எதையும் டாக்டர் எழுத வேண்டியதில்லை என்று அதே 2022 தீர்ப்பு சொல்லிவிட்டது. நர்சம்மாக்களும் ஆசிரியர்களும் இதைத் தெரிந்துவைத்திருந்தால் எத்தனையோ பிள்ளைகள் கருவைக் கலைக்க வைக்கிற எருக்கங்குச்சிக்குத் தப்பிக்கும்.

ஆஸ்பத்திரியில் இன்னொன்று நடக்கலாம், அண்ணியைத் தயார்படுத்தி வையுங்கள். "செய்கிறோம், ஆனால் கூடவே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொள்ளணும்" அல்லது "காப்பர்-டி போட்டால்தான்" என்பார்கள். அதை நிபந்தனையாக வைக்க யாருக்கும் உரிமையில்லை. கருத்தடை வேண்டுமா என்று கேட்பதும் விளக்குவதும் அவர்கள் கடமை, நல்ல கடமை. கலைத்த பத்து நாளுக்குள்ளேயே மறுபடி கரு நிற்க வாய்ப்பு உண்டு என்பதால் அண்ணி இதை யோசித்தே ஆக வேண்டும். காப்பர்-டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுகிற அந்தரா ஊசி, மாத்திரை எல்லாம் அரசு மருத்துவமனையில் இலவசம். அண்ணன் செய்துகொள்கிற ஆபரேஷன் இன்னும் சின்னது, தையல்கூட இல்லாமல் முடிந்துவிடும், அதையும் ஒருமுறை வீட்டில் பேசிப் பாருங்கள். ஆனால் எது, எப்போது என்பது அண்ணி நிதானமாகச் சொல்ல வேண்டியது. மேஜையில் படுத்துக்கொண்டு, வேறு வழியில்லாமல் தலையாட்டுவதற்குச் சம்மதம் என்று பெயர் இல்லை.

விஷயம் வெளியே தெரிந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். பெயர் இருக்கிற பதிவேடு ரகசிய ஆவணம், மற்ற தாள்களில் வரிசை எண் மட்டும்தான் போட வேண்டும். பெண்ணின் அடையாளத்தை வெளியே சொல்கிற டாக்டருக்கு ஒரு வருடம் வரை சிறை என்று 2021 திருத்தம் சேர்த்திருக்கிறது. கிராமத்து நர்சம்மா கர்ப்பத்தைப் பதிவு செய்திருந்தால் அவர் வந்து விசாரிப்பார். சட்டப்படி அரசு மருத்துவமனையில் செய்தோம் என்று சொன்னால் போதும், பயந்துபோய் அபார்ஷன் தானாக ஆகிவிட்டது என்றெல்லாம் கதை கட்டத் தேவையில்லை.

மறுத்தால் என்ன செய்வது? சத்தம் போடாதீர்கள். என்ன காரணத்துக்காக மறுக்கிறீர்கள் என்று எழுதித் தாருங்கள் என்று கேளுங்கள். பாதி இடத்தில் இந்த ஒரு கேள்விக்கே கதவு திறக்கும். திறக்காவிட்டால் அங்கேயே நின்றுகொண்டு 104-க்கு போன் போடுங்கள், அது மாநில அரசின் மருத்துவ உதவி எண். வீட்டில் அடி, மிரட்டல் என்றால் 181. வக்கீல் தேவைப்பட்டால் 15100, பெண்களுக்கு இலவச சட்ட உதவி கிடைக்கும். வேலூரில் சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரிலும் போகலாம். அண்ணி விஷயத்தில் அவ்வளவு தூரம் போகாது என்று நினைக்கிறேன்.

கடைசியாக வேலை. சட்டப்படி கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்ணுக்கு ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு என்று தொழிலாளர் சட்டமே சொல்கிறது. இஎஸ்ஐயில் இருப்பவர்களுக்கு, சந்தா நாட்கள் போதுமான அளவு இருந்தால், அந்தத் தொகையை இஎஸ்ஐ கொடுக்கும். ஷூ கம்பெனி லைனில் இது தெரிந்தவர்கள் மிகக் குறைவு. மறுநாளே வந்து மெஷினில் உட்காருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். விடுப்புக்கு மருத்துவமனைச் சான்று வேண்டும், பைக்குள் வைத்து விற்கிறவரிடம் வாங்கிய மாத்திரைக்கு அந்தச் சான்று கிடைக்காது. எனவே டிஸ்சார்ஜ் ஆகும்போதே சான்றைக் கேட்டு வாங்கி, பேரணாம்பட்டுக்கு உரிய இஎஸ்ஐ மருந்தகத்தில் காட்டுங்கள். தொகைக்கான விண்ணப்பம் இஎஸ்ஐ கிளை அலுவலகத்துக்குப் போகும், லைன் சூப்பர்வைசரிடம் என்ன ஏது என்று அண்ணி விளக்கிக்கொண்டு நிற்க வேண்டாம்.